கொண்டாடாத கோல்

இந்தக் காலத்து ஆட்களுக்குச் சந்தோஷப்படக்கூடத் தெரியவில்லை என்று ஒனோரியோவுக்கு எரிச்சல். கோல் போட்டுவிட்டு எழவு வீட்டில் நிற்பதுபோல் நிற்கிறானே கனேலா!

வருடக் கடைசியில் தெருக்காரர்கள் ஆடும் கால்பந்தாட்டம் அது. கல்யாணமானவர்கள் ஒரு பக்கம், துணை இல்லாதவர்கள் மறுபக்கம். மனைவியை இழந்த கனேலா இரண்டாவது கூட்டம். ஒரு காலத்தில் பிரேசில் முழுக்கப் பேசப்பட்ட முன்கள ஆட்டக்காரன். இப்போது கரும்புச்சாறு கடை. அறுபது வயதிலும் கோல் போட்டால் குட்டிக்கரணம் அடிப்பவன், இன்று தலையைக் குனிந்துகொண்டான்.

ஒனோரியோ, கல்யாணமானவர்களின் கோச். தன் விதவைத் தங்கை ஜுராசியைக் கனேலா பெண் கேட்டபோது, "கிளப் கிளப்பா தாவினவன் ஒருத்தியோட நிலைப்பானா?" என்று விரட்டியடித்தவர்.

ஆட்டம் முடிந்ததும் நேராகப் போய்க் கேட்டார்.

"என்னடா, எங்களத் தோக்கடிச்சுட்டு மூஞ்சியத் தொங்கப் போட்டிருக்க? நக்கலா?"

"சொந்த டீமுக்கு எதிரா கோல் போட்டா கொண்டாடக் கூடாது. அது எங்க ஆட்டக்காரங்க மரியாதை."

"நாங்க எப்படா உனக்குச் சொந்த டீம் ஆனோம்?"

"நேத்துக் காலையில, மச்சான். பதிவு ஆபீஸ்ல."

பின்னால் வந்த ஜுராசி மோதிர விரலை ஆட்டிக் காட்டினாள். "ஆட்டத்துக்கு முன்னாடி சொன்னா நீ கலாட்டா பண்ணுவியேன்னுதான் சொல்லல, அண்ணே!"

ஒனோரியோவுக்கு முகம் சிவந்தது. "அப்ப அந்தக் கோல் செல்லாது! கல்யாணமானவன் எப்படி அந்தப் பக்கம் ஆடலாம்?"

மைதானமே சிரித்தது.

"செல்லாதுதான் மச்சான். வாங்க, ஒரு பீர் குடிக்கலாம்."

"மச்சானாவது கிச்சானாவது! அடுத்த வருஷம் நீ எந்தப் பக்கம் ஆடுறன்னு பாத்துட்டு நம்புறேன்" என்று முணுமுணுத்தபடி அவர் நடையைக் கட்டினார்.