முதுகில் மாதா

"முதுகு நிறைய மாதா படம் வேணும்," என்று சொல்லிக் குப்புறப் படுத்தான் யாக்கோபு.

பச்சை குத்தும் நாகலெட்சுமி ஊசியை எடுத்தாள். "எல்லாரும் கையிலதான குத்துவாக. நீங்க ஏன் முதுகுல?"

"அடிக்கிறவுகளுக்குக் கை கூசணும்ல."

"யாரு, போலீசா?"

"போலீசு வந்தா கடல்ல குதிச்சுத் தப்பிச்சுருவேனே."

"அப்ப நீங்க மீன் பிடிக்கப் போற வள்ளத்துக்குச் சொந்தக்காரரு, அந்தச் சம்மாட்டியா?"

"அவரு வையுறதோட சரி."

ஊசி முதுகில் இறங்கியதும் யாக்கோபு பல்லைக் கடித்து வலியைப் பொறுத்தான்.

புண் ஆறிய அன்று சாயங்காலமே தைரியமாகச் சாராயம் குடித்தான். சட்டையைக் கழற்றித் தோளில் போட்டுக்கொண்டு தள்ளாடியபடி வீட்டுக்கு வந்தான்.

வாசலில் அவன் மனைவி லீமாரோஸ் விளக்குமாற்றோடு நின்றாள்.

யாக்கோபு சட்டென்று திரும்பி முதுகைக் காட்டினான். "இப்ப அடி பாப்போம்!"

விளக்குமாறு கீழே விழுந்தது. லீமாரோஸ் முழந்தாளிட்டு, சிலுவை போட்டு, ஒரு செபத்தை முழுசாகச் சொல்லி முடித்தாள். யாக்கோபுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

அவள் எழுந்து உள்ளே போய், ஊதாச் சேலை ஒன்றைக் கொண்டுவந்து அவன் முதுகில் போர்த்தினாள்.

"எதுக்குடி இது?"

"தபசுக்காலத்துல கோயில்ல மாதாவை ஊதாத் துணி போட்டு மூடுவாகள்ல, அது மாதிரித்தான்," என்று விளக்குமாற்றைக் கையில் எடுத்தாள் லீமாரோஸ்.