மூன்றாவது சங்கிலி

கீரப்பாளையம் ரோட்டில் பட்டப்பகலில் பைக்கில் வந்த இரண்டு பேர் அமிர்தத்தின் தாலிச் சங்கிலியை அறுத்துக்கொண்டு பறந்தார்கள். "தோ புடிச்சிட்டு வந்துர்றேன்" என்று தன் வண்டியில் துரத்திப் போன அவள் கணவன் ஞானசேகரன் திரும்பவே இல்லை.

சித்திரையில் சங்கிலி கிடைத்துவிட்டதாக ஸ்டேஷனிலிருந்து போன் வந்தது. அவள் கோத்திருந்த வளைந்த ஊக்குகூட அப்படியே இருந்தது. கையெழுத்துப் போட்டு வாங்கிக் கழுத்தில் போட்டுக்கொண்டாள்.

ஆடியில் மறுபடியும் கூப்பிட்டார்கள். அதே சங்கிலி, அதே வளைந்த ஊக்கு. முதல் சங்கிலி அவள் கழுத்தில்தான் கிடந்தது.

கார்த்திகையில் மூன்றாவது வந்தபோது மேசையைப் பிடித்துக்கொண்டு அழுதாள். "சங்கிலி வேணாம் சார், அவரத் தேடிக் குடுங்க." செல்போனில் கணவனின் போட்டோவைக் காட்டினாள்.

குறிஞ்சிப்பாடியிலிருந்து மாற்றலாகி வந்திருந்த புது ஏட்டு உற்றுப் பார்த்தார். "இவருதாம்மா காலைல இதக் கொண்டாந்து குடுத்தாரு. மூச்சு வாங்குச்சி, செத்த ஒக்காருங்கன்னேன். 'இன்னும் அவனுவளப் புடிக்கல, போவணும்'னுட்டு ஓடிட்டாரு."

மறுநாளிலிருந்து தினமும் மத்தியானம் மூன்று சங்கிலிகளையும் புடவைக்கு வெளியே எடுத்துவிட்டுக்கொண்டு அமிர்தம் அந்த ரோட்டில் நடக்கிறாள். பின்னால் பைக் சத்தம் கேட்டால் நடையைத் தளர்த்தி, முந்தானையை விலக்கிக் கழுத்தைக் காட்டுகிறாள். பைக்குகள் அவளை ஒதுங்கிக் கடந்து போகின்றன. அந்த ரோட்டில் இப்போதெல்லாம் திருட்டே நடப்பதில்லை.