ஜூலை மாசச் செக்கு

"வாடகைக்குக் காசில்ல. வீட்டுல மட்டும் கலர் டிவி!"

வனஜா இப்படி ஆரம்பிச்சதும் எனக்குச் சிரிப்பு தாங்கல.

"விடு வனஜா. அந்த டிவியவே வீட்டுக்காரன்கிட்டக் குடுத்து, 'எட்டு மணிக்கு இதுல வாடகை வரும், பாத்துக்கிட்டே இருங்க'ன்னு சொல்லச் சொல்லு"ன்னேன்.

டேபிள்ல இருந்த எல்லாரும் சிரிச்சாங்க. அன்னம் மட்டும் தலையக் குனிஞ்சு சோத்தப் பெசஞ்சுக்கிட்டே இருந்தா.

எழுபத்தாறாம் வருசம், ஜூலை மாசம். ஞாயித்துக்கெழமைன்னா டோர்செட் பார்க் ஏரியாவுல வனஜா வீட்டுலதான் எங்க நாலஞ்சு குடும்பத்துக்கும் சாப்பாடு. அன்னமும் நானும் ஒரே பள்ளிக்கூடக் கேன்டீன்ல பாத்திரம் கழுவுறோம். நான் மூணு வருசமா இருக்கேன். அவளுக்குப் பிப்ரவரியில நான்தான் அந்த வேலைய வாங்கிக் குடுத்தேன். மார்ச்சுல அவ புருசன் பனியில வழுக்கி விழுந்து இடுப்பு ஒடிஞ்சு படுத்துட்டாரு. அதுலேர்ந்து அவ சம்பளத்துலதான் வீடு ஓடுது.

ஜூன் கடைசியில பள்ளிக்கூடத்த மூடினாங்க. அன்னிக்கு வந்த சம்பளச் செக்க மாத்தி, யாரோ வித்த பழைய கலர் டிவிய வாங்கிட்டா. இப்ப வாடகைக்கு வழியில்ல. புதன்கெழமைக்குள்ள குடு, இல்லேன்னா காலி பண்ணுன்னுட்டான் வீட்டுக்காரன். வனஜா புருசன் மோகனசுந்தரத்துக்கிட்ட நூத்தம்பது டாலர் கைமாத்து கேக்கத்தான் அன்னம் வந்திருந்தா.

மோகனசுந்தரம் ஒரு கம்பெனியில கணக்கெழுதுறவரு. சாம்பார் ஊத்துனாக்கூட ரசீது கேக்குற ஆளு.

"ஏம்மா, ரெண்டு மாசம் பள்ளிக்கூடம் கெடையாதுன்னு உனக்குத் தெரியாதா?"

"தெரியும்ண்ணே. ஆனா லீவுக்கும் செக்கு வரும்னு நெனச்சேன். திருச்சியில நான் ஆயாவா இருந்த பள்ளிக்கூடத்துல, மே மாசம் பூட்டிக் கெடந்தாலும் சம்பளம் வந்துரும்."

"இது திருச்சியா? இங்க உங்க வேலைக்கெல்லாம் நூறு டாலர் சம்பாதிச்சா நாலு டாலர் லீவுக்காசு. அதையும் ஒவ்வொரு செக்குலயும் அப்பப்பச் சேத்தே குடுத்துர்றான். பள்ளிக்கூடம் மூடிட்டா அவ்வளவுதான். செக்கோட ஒரு துண்டுச்சீட்டு வருமே, பாக்கலியா?"

கைப்பையத் தொழாவி அன்னம் சீட்ட எடுத்துக் குடுத்தா. அவரு வெரல வச்சுக் காட்டினாரு.

"இந்தா, அஞ்சு டாலர் இருபது காசு. இதான் உன் லீவுச் சம்பளம். பிப்ரவரியிலேர்ந்து வாங்கித் தின்னு தீத்துட்ட."

"வரியில கூடுதலாப் பிடிச்சதத் திருப்பித் தர்றாங்கன்னு நெனச்சேண்ணே."

"அஞ்சு டாலர்ல என்னடி லீவு? நயாகரா பாக்கக் கெளம்பினா பாதி வழியில எறக்கி விட்டுருவான்"னேன் நான். மறுபடியும் எல்லாரும் சிரிச்சாங்க.

"டிவி இல்லாம இருக்க முடியாதாக்கும்?" வனஜா விடல.

"அவரு நாள் முச்சூடும் சுவத்தயே பாத்துக்கிட்டுக் கெடக்குறாருக்கா. அதான்..."

மோகனசுந்தரம் சீட்ட மடிச்சுத் திருப்பிக் குடுத்தாரு.

"ஒண்ணு மட்டும் சொல்லு. லீவுல செக்கு வரும்னு உனக்கு யாராச்சும் சொன்னாங்களா? ஒருத்தர் சொல்லி ஏமாந்திருந்தா அது வேற. இப்பவே எடுத்துத் தர்றேன். நீயாக் கண்டபடி செலவு பண்ணிட்டு வந்து நின்னா ஒரு காசு தரமாட்டேன். இன்னிக்குக் குடுத்தா வருசா வருசம் ஜூலையில வந்து நிப்ப."

"வாயத் தொறந்து சொல்லுடி"ன்னு நானும் முடுக்கினேன். "எவ சொன்னா? நாக்க இழுத்து வச்சு அறுத்துருவோம்."

அன்னம் நிமிந்து என்னப் பாத்தா.

நான் ரசம் எடுக்குற சாக்குல எந்திரிச்சு அடுப்புப் பக்கம் போயிட்டேன்.

"யாரும் சொல்லலண்ணே. நானாத்தான் நெனச்சுக்கிட்டேன்."

"அப்பச் சரி. டிவிய வித்துரு"ன்னுட்டு அவரு கை கழுவப் போயிட்டாரு.

வித்தா. நாப்பது டாலர்தான் தேறிச்சு. அத வச்சுக்கிட்டு வீட்டுக்காரன்கிட்ட என்ன பேச முடியும்? புதன்கெழமை வீட்டக் காலி பண்ணிட்டு, வின்சர்ல இருக்குற கொழுந்தன் வீட்டுக்குக் கெளம்பிட்டா.

பஸ் ஏத்திவிட நான் மட்டும்தான் போனேன். அவ புருசன ரெண்டு பேருமாத் தூக்கி சீட்டுல உக்கார வச்சோம். இருபது டாலர நீட்டினேன்.

"வேணாங்க்கா. டிக்கெட் எடுத்தாச்சு"ன்னுட்டா.

பஸ் கெளம்புறப்ப ஜன்னல் வழியா, "அக்கா, என் எடத்துக்குப் புதுசா வர்றவகிட்ட லீவுல செக்கு வராதுன்னு மொதல்லயே சொல்லிருங்க, பாவம்"னா.

செப்டம்பர்ல அன்னம் நின்ன தொட்டிகிட்ட ஒரு புதுப் பொண்ணு வந்து நின்னா. மொத நாளே அவகிட்டச் சொல்லிட்டேன்.

"ஜூலை வந்தா தபால்காரன் செக்கோட வந்து கதவத் தட்டுவான்டி, தூங்கிராத"ன்னு மே மாசம் அன்னத்துக்கிட்ட வெளாட்டுக்குச் சொன்னது நான்தான்னு மட்டும் இன்னிவரைக்கும் யாருகிட்டயும் சொல்லல.