மாப்பிள்ளை பார்த்த கேற்

தெருவிலிருந்து ஒழுங்கை திரும்பும் முடக்கில் ஹிஷாம் காரை நிறுத்தியதும் பின்னால் வந்த வாகனங்கள் எல்லாம் வரிசையாக நின்றன.

மாப்பிள்ளைக் கோலத்திலேயே அவன் கதவைத் திறந்து இறங்கினான். கோட்டு கசங்குமே என்ற கவலை துளியும் இல்லாமல் குந்தியிருந்து காரின் அடியைப் பார்த்தான்.

பள்ளிவாசலில் நிக்காஹ் இப்போதுதான் முடிந்திருந்தது. சாய்ந்தமருதில் பெண் வீடு இனி நாலு வளவு தள்ளித்தான்.

"என்ன மாப்பிள, இறங்கி நடப்பமா?" என்றான் பக்கத்து இருக்கையில் இருந்த கோகுலன். ஆலையடிவேம்பில் கராஜ் வைத்திருக்கும் கூட்டாளி அவன். அந்தக் காரின் ஒவ்வொரு ஆணியையும் ஹிஷாமோடு சேர்ந்து கழற்றிப் பூட்டியவன். சிரிப்பை அடக்கிக்கொண்டுதான் கேட்டான்.

ஹிஷாமுக்குச் சிரிப்பு வரவில்லை.

கார், எண்பத்தாறாம் ஆண்டு செலிகா. நல்ல சிவப்பு. முன் விளக்குகள் மூடிக்கிடக்கும். சுவிட்சைத் தட்டினால் தூக்கத்தால் எழும்பியது போல நிமிர்ந்து பார்க்கும்.

கடற்காற்று கதவுக் கொண்டியைக்கூட விட்டுவைக்காத ஊர் இது. ஆனால் என் காரில் ஒரு துருப்புள்ளி காட்டுங்கள், கடையையே எழுதித் தருகிறேன் என்பான் ஹிஷாம். கல்முனை பஸாரில் அவனுக்கு மூக்குக்கண்ணாடிக் கடை. சும்மா வாய்வீச்சு இல்லை. பின்னேரம் தவறாமல் நல்ல தண்ணீரால் உப்பைக் கழுவி, அடிப்பக்கத்தை எண்ணெய்த் துணியால் துடைத்து, பெற்ற பிள்ளைக்கும் யாரும் செய்யாத பணிவிடை செய்தான்.

அதிலும் முன் பம்பருக்குக் கீழே ஓடும் உதடு போன்ற மெல்லிய பட்டிதான் அவனுடைய உயிர். ஜப்பானில் போட்டது போட்டபடி, ஒரு கீறல் இல்லாமல் இருக்கிறது. நிலத்திலிருந்து ஒரு சாண் உயரம்கூட இல்லை. உடைந்தால் இன்னொன்று கிடைக்காது.

இந்தப் பக்கத்தில் கலியாணம் முடித்தால் ஆண்தான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். ஹிஷாம் போனால் காரும் போக வேண்டும். அதனாலேயே இரண்டு சம்பந்தம் குழம்பிப் போனது. ஒரு வீட்டில் ஒழுங்கை ஒடுக்கம். மற்ற வீட்டில் வாசல் கேற் ஒடுக்கம்.

"பொண்ணப் பாக்கப் போறவன் கேற்றப் பாத்திட்டு வாறான்" என்று உம்மா சுஹறா ஊரெல்லாம் சொல்லித் தலையில் அடித்துக்கொண்டார்.

மூன்றாவது பெண் நப்லா. கட்டிடப் படம் கீறும் வேலை செய்பவள்.

அங்கே கேற் அகலம்தான். ஆனால் கேற்றடியில் வடிகானுக்கு மேலே ஒரு கொங்கிறீட் மூடி, ரோட்டிலிருந்து செங்குத்தாக எழும்பி நின்றது. கண்டதும் ஹிஷாம் கண்ணாலேயே சாண் போட்டுப் பார்த்தான்: காரின் உதடு முட்டும். நப்லா தேநீர்த் தட்டை வைத்துவிட்டுப் போனபோதும் அவன் ஜன்னலால் அந்த மூடியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

வாய் திறந்து சொல்லத்தான் முடியவில்லை. சீதனம் என்று ஒரு துரும்பும் வேண்டாம் என்று சபையில் சொன்னவன் அவன். ஊர் மெச்சியது. அவனுக்கும் காரில் இருந்த அளவு பெருமை அந்தச் சொல்லிலும் இருந்தது. சொன்ன வாயால், கேற்றடியில் ஒரு சரிவு போட்டுத் தாருங்கள் என்று எப்படிக் கேட்பது? அதுவும் சீதனம் கேட்டதுதானே.

தானே ஆள் விட்டுப் போடலாம் என்றால், மாப்பிள்ளை வரமுதலே வீட்டை இடிக்கிறான் என்பார்கள்.

நாள் நெருங்க நெருங்க அவன் தொட்டதுக்கெல்லாம் சீறினான். ஒருநாள் கடைக்கு முன்னால் நின்ற காரடியில் முகம் மூடிய பெண்ணொருத்தி குந்தியிருக்கக் கண்டு பாய்ந்து போனான். காதுத் தோட்டின் திருகுச் சுரை விழுந்துவிட்டதாம், தேடுகிறாளாம்.

"கார்ல முட்டாமத் தேடுங்க" என்று எரிந்து விழுந்துவிட்டு, அவள் எழும்பிப் போகும் வரை காவல் நின்றான்.

இப்போது ஒழுங்கை முடக்கில் அவன் கோட்டைத் தட்டிக்கொண்டு எழும்பினான். சொன்ன சொல்லைக் காப்பாற்றியாயிற்று. காரை நடுத்தெருவில் விட்டுவிட்டுப் போகவும் மனம் வராது. உடைந்தால் உடையட்டும்.

பிஸ்மில்லாஹ் சொல்லிக் கிளச்சை விட்டான்.

கேற்றடியில் பெண்கள் குரவை போட்டார்கள். ஹிஷாம் சக்கரத்தைத் திருப்பினான். அந்த மூடியைக் காணவில்லை. அது நின்ற இடத்திலிருந்து ரோட்டு வரைக்கும், நீளமாக, ஆறுதலாக இறங்கியது ஒரு புதுக் கொங்கிறீட் சரிவு.

செலிகா ஏறியது. ஹிஷாம் மூச்சைப் பிடித்துக்கொண்டு காதைக் கொடுத்தான். ஒரு சின்ன உரசல்கூடக் கேட்கவில்லை.

மாமனார் காலிதீன் வந்து கையைப் பிடித்தார். ஹிஷாம் அந்தச் சரிவையே பார்ப்பதைக் கண்டு, "எனக்கு ஒண்டும் தெரியா மகன். எங்கட புள்ளதான் அளவு தந்தா, மேசன் போட்டான்" என்றார்.

உள்ளே, நப்லாவின் கையை எடுத்து அவன் கையில் வைத்தார்கள். அவள் தலை நிமிரவில்லை. அவனுக்கு மட்டும் கேட்கும்படி கேட்டாள்.

"கீழ முட்டல்லதானே?"

அந்தக் குரலை ஹிஷாமுக்குத் தெரியும். கடை வாசலில் எரிந்து விழுந்தது நினைவுக்கு வந்து காது மடல் சுட்டது. அடுத்த கணமே, இப்படி ஒருத்தி தனக்குக் கிடைத்தாளே என்று நெஞ்சு நிமிர்ந்தது. செலிகாவை வீட்டுக்குக் கொண்டுவந்த நாளில்கூட அவன் இவ்வளவு பெருமைப்பட்டதில்லை.

"ஓம், முட்டல்ல" என்றான். பிறகு மெதுவாக, "அண்டைக்கு சுரை கெடச்சிதா?" என்று கேட்டான்.

"அது விழவே இல்ல" என்றாள் நப்லா.