கிழங்கான் தட்டுகிற அளவுக்கு

அவள் கடைச் சுவரைப் பார்த்துத் திரும்பி நின்றுகொண்டாள்.

தூண்டில் நரம்புச் சுருள் அவள் வலது கையில். நரம்பு அவள் ஆள்காட்டி விரலின் மேலாக வெளியே வந்தது. அதன் நுனியைப் பிடித்தபடி நான் நடைபாதையில் பின்னோக்கி நடந்தேன்.

நாற்பது எட்டு வைத்தேன். ஆறு கடைகள்.

இறுக்கிப் பிடித்து நகத்தால் தட்டினேன். ஐந்து தரம். கிழங்கான் தட்டுகிற அளவுக்குத்தான் தட்ட வேண்டும் என்று சொல்லியிருந்தாள். கை நீளம்கூட இல்லாத மீன். இரையைத் தொட்டுத் தொட்டுப் பார்த்துவிட்டுப் போய்விடும்.

அவள் திரும்பாமலே இடது கையை உயர்த்தி விரல் காட்டினாள்.

இரண்டு.

கடைக்காரர் கஸ்பார் வாசலில் நின்று என்னைப் பார்த்தார். நான் ஐந்து விரலை விரித்தேன். அவர் அதை அவளிடம் சொல்லவில்லை.

புற்றுக்கு மருந்து ஏற்ற ஆரம்பித்த நான்காம் மாதம் அவள் விரல் நுனிகள் மரத்துப் போயின. கொதிக்கும் பால் பாத்திரத்தைத் துணியில்லாமல் இறக்கினாள். ரவிக்கைக் கொக்கியை நான்தான் மாட்டிவிட்டேன். அதையெல்லாம் அவள் பொருட்படுத்தவில்லை.

துறைமுகக் கற்களில் தூண்டில் போட்ட அன்று, சுருட்டி எடுத்த முள்ளில் இறால் இல்லை. வெறும் முள்ளை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். இது எப்போது தின்றது என்று என்னிடம் கேட்டாள்.

என்னிடம்.

இருபத்திரண்டு வருடம் அந்தக் கற்களில் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறேன். ஒரு மீன் தொட்டதுகூட எனக்குத் தெரிந்ததில்லை. அவள் போன பிறகு இந்த இரண்டு வருடமாகத் தனியே போகிறேன். இப்போதும் தெரிவதில்லை. அவளோ தண்ணீருக்குள் மணல் முடிந்து கல் ஆரம்பிக்கும் இடத்தைச் சொல்வாள். கல்லில் பாசி இருப்பதைச் சொல்வாள். ஒரு விரலில் கடலடி முழுவதும் அவளிடம் வந்துகொண்டிருந்தது.

மறுநாளே பழைய நரம்பை முழுக்க உருவிப் போட்டுவிட்டு, ராடையும் ரீலையும் எடுத்துக்கொண்டு கஸ்பார் கடைக்கு வந்துவிட்டாள்.

நைலான் நரம்பு இழுத்தால் நீளும். பாதித் தட்டலை அதுவே விழுங்கிவிடும். நீளாதது பின்னல் நூல்தான். எட்டு இழை, தலைமுடிக் கனம்.

அதை எடுத்துத் தர கஸ்பாருக்கு மனமில்லை. மீன் இழுத்தால் கத்திபோல அறுக்கும், மரத்த விரலில் ரத்தம் வந்தாலும் தெரியாது என்றார். நானும் அவர் பக்கமே பேசினேன்.

"அறுத்தா நீங்க பாத்துச் சொல்லுங்க," என்றாள் என்னிடம். "பக்கத்துல சும்மாதான உக்காந்திருக்கீங்க."

கஸ்பார் சிரித்துவிட்டார். நூலை எடுத்தார்.

மறுபடி நாற்பது எட்டு. எதிரே வந்த ஓர் அம்மாள் கோயில் கொடியேற்றத்துக்குத் தோரணமா என்று விசாரித்தார். தோரணத்தைக் காணாமல் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, எதற்கும் இருக்கட்டும் என்று குனிந்து போனார்.

ஐந்து தட்டினேன். மூன்று காட்டினாள்.

மறுபடி ஐந்து. மூன்றுதான்.

அவள் நூலை விரலிலிருந்து எடுத்தாள். தலை சற்றுக் குனிந்தது. என்ன செய்கிறாள் என்று எனக்குத் தெரியவில்லை. கஸ்பார் தன் கீழுதட்டைத் தொட்டுக் காட்டினார்.

நூலை உதட்டின் மேல் வைத்திருந்தாள்.

நான்கு தட்டினேன். நான்கு.

ஒன்று. ஒன்று.

மூன்று தட்டி நிறுத்தினேன். பிறகு, தட்டினோமா என்று எனக்கே சந்தேகம் வரும்படி இன்னொன்று.

நான்கு.



ஒரு சோதனைதான் பாக்கி. ஒன்றும் தட்டாமல் நிற்பது. மரத்த உடம்பில் சும்மாவே எங்காவது குறுகுறுக்கும், நம்பக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருந்தார். வராத மீன் அவளுக்கு வருகிறதா என்று பார்க்க வேண்டும்.

வியர்வையில் நூல் வழுக்கியது. செய்யக்கூடாது என்று தெரிந்தும் என் விரலில் மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கிக்கொண்டேன்.

தட்டாமல் நின்றேன்.

அவள் கை உயர்ந்தது. ஒன்று.

நான் அசையவில்லை.

விரலை மடக்கி, மறுபடி நீட்டினாள். ஒன்று. மடக்கினாள். ஒன்று.

கஸ்பார் என்னைப் பார்த்தார். இல்லை என்று தலையசைத்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

முடிந்தது என்று நினைத்தேன். இதுவரை சரியாக வந்ததெல்லாம் தற்செயல். நாற்பது எட்டுக்குள் அவளிடம் சொல்ல ஏதாவது ஒரு பொய் கிடைத்தால் போதும்.

அவள் விரல் நிற்கவில்லை. நீண்டது, மடங்கியது. நீண்டது, மடங்கியது. அவசரமே இல்லை. ஒரே சீர்.

நூலை அவிழ்ப்பதற்காக என் கையைப் பார்த்தேன். சுற்றுக்கு மேலே விரல் நுனி கருஞ்சிவப்பாகப் புடைத்திருந்தது. உள்ளே நாடி விண்விண்ணென்று தெறித்தது.

விண். அங்கே அவள் விரல் நீண்டது.

விண். நீண்டது.

ஒரு தண்ணீர்க் கேன் வண்டி நூலை உரசுவதுபோல மணியடித்துக்கொண்டு போயிற்று. நான் மூச்சைப் பிடித்துக்கொண்டேன்.

அவள் திரும்பவில்லை. விரல் மட்டும் வேகமாக நீளத் தொடங்கியது.