நாற்பது விழுக்காடு

மேடையில் நின்ற இராஜம்மாவின் கால்கள் நடுங்கின. பெருமிதம் ஓர் உழைப்பாளியை இப்படித்தான் உலுக்கும் என்று தமக்குள் மெச்சிக்கொண்டார் சிறப்பு விருந்தினர் சண்முகரத்தினம்.

மலேசியாவின் கிள்ளானில் சட்டை தைக்கும் அந்தத் தொழிற்சாலை, ஓராண்டில் தண்ணீர்ச் செலவை நாற்பது விழுக்காடு குறைத்திருந்தது. குறைந்தது தண்ணீர், உற்பத்தியோ பத்து விழுக்காடு ஏறியிருந்தது. தொண்ணூற்று நான்காம் ஆண்டின் 'இயற்கைக் காவலர்' விருதுக்கு வேறென்ன தகுதி வேண்டும்?

விருதை வழங்கிவிட்டு இன்னொரு திருப்பணியையும் முடிக்க வந்திருந்தார் அந்த அரசாங்க அதிகாரி. இதே முறையைக் கிள்ளான் பள்ளத்தாக்கின் எல்லாத் தொழிற்சாலைகளும் பின்பற்ற வேண்டும் என்னும் சுற்றறிக்கை மேசைமேல் கிடந்தது. கையெழுத்து ஒன்றுதான் பாக்கி.

நிர்வாகி ராதாகிருஷ்ணன் முக்கால் மணி நேரம் முழங்கினார். நதியைத் தாய் என்றார். அந்தத் தாயின் கண்ணீரைத் துடைத்த கை தம் கம்பெனியின் கை என்றார். கீழே அறுநூறு பெண்கள் கைதட்டினார்கள், தட்டச் சொல்லியிருந்தார்கள்.

தொழிலாளர் சார்பில் விருது வாங்க வந்த இராஜம்மா, காலை ஆறு மணிக்குத் தொடங்கிய வேலையிலிருந்து நேரே மேடைக்கு வந்தவள், அத்தனை நேரமும் நின்றாள். நெற்றியில் வியர்வை முத்துமுத்தாய் அரும்பியது. இரக்கப்பட்ட சண்முகரத்தினம் தமக்கு வைத்திருந்த ரோஸ் சிரப் பானத்தை அவளிடம் நீட்டினார். அவள் நஞ்சைக் கண்டவள்போல் பின்வாங்கினாள். என்ன அடக்கம், என்ன அடக்கம் என்று அவர் நெகிழ்ந்துபோனார்.

உரை முடிந்ததும் நிர்வாகியின் காதருகே குனிந்து, குழாய்களை மாற்றினீர்களா, புது இயந்திரம் வாங்கினீர்களா என்று விசாரித்தார்.

"ஒரு வெள்ளிகூட செலவு இல்ல லா சார். எல்லாம் டிசிப்ளின். நம்ம பொம்பளைங்களுக்குப் பொறுமை ஜாஸ்தி."

சண்முகரத்தினத்துக்குப் புல்லரித்தது. செலவே இல்லாத சீர்திருத்தம் வேறெங்கே கிடைக்கும்! பேனாவைத் திறந்தார். கையெழுத்தின் முதலெழுத்து தாளில் விழுந்தது. அப்போதுதான், உழைப்பாளியின் வாயால் இரண்டு வார்த்தை வந்தால் நாளேட்டுக்காரர்களுக்கு உதவுமே என்று அவருக்குத் தோன்றியது.

"என்னம்மா, ஒங்களாலதான் இந்த வெற்றி. ஒங்களுக்கு என்ன வேணும்? கூச்சப்படாம கேளுங்க, இப்பவே செய்யச் சொல்றேன்."

மனப்பாடம் செய்ததை ஒப்பி என்பதுபோல் ராதாகிருஷ்ணன் கண்ணசைத்தார். இராஜம்மா ஒலிவாங்கியை இரு கைகளாலும் இறுகப் பற்றினாள்.

"டாய்லெட்டுப் பூட்ட மொதல்ல தெறக்கச் சொல்லுங்க சார்."