முதல் தடவை முழுப் பெயர்

"சங்கத்தோட பேருக்கு நாலு எழுத்தை மட்டும் போட்டா எப்படி உமைரா? முதல் தடவை முழுப் பேர், அடைப்புக்குள்ள சுருக்கம். கடைசிப் பட்டியல்லயும் முழுப் பேர்தான் வரணும்."

"தாராவியில எல்லாரும் கே.எம்.டி.எஃப்.னுதான் சொல்லுவாங்க மேடம்."

"தாராவியா உன் ஆய்வேட்டைத் திருத்தப்போறது?"

நெறியாளர் ஷ்யாமளா மேடம் பேனாவை மூடி வைத்தார். தோல் பட்டறைகளைப் பற்றிய ஆய்வேடு மாலைக்குள் மேடத்தின் கையெழுத்தோடு பல்கலைக்கழகத்துக்குப் போய்ச் சேர வேண்டும். அந்தச் சங்கத்தின் அறிக்கையை மேற்கோள் காட்டாத பக்கமே அதில் இல்லை.

"உங்கப்பாதானே தலைவர்? ஸ்பீக்கர்ல போட்டுக் கேளு."

அப்துல் ரவூப் உடனே எடுத்தார்.

"வாப்பா, நம்ம சங்கத்தோட முழுப் பேரு என்ன?"

"கே.எம்.டி.எஃப்."

"அதோட விரிவு, வாப்பா."

பின்னால் ஓடிய தையல் மெஷினை நிறுத்தச் சொல்லிவிட்டு வந்தார்.

"விரிவெல்லாம் ஏதும்மா? முதல்ல தோல் பட்டறைச் சங்கம்னுதான் போர்டு வச்சோம். எந்த ஆபீஸ் போனாலும் ஒருத்தனும் உக்காரச் சொல்லல. பொறவு புள்ளி வச்சு நாலு இங்கிலீஷ் எழுத்தப் போட்டோம். அன்னைலேர்ந்து நாற்காலியும் வருது, சாயாவும் வருது."

மேடம் சிரிப்பை அடக்க உதட்டைக் கடித்துக்கொண்டார்.

"வாப்பா, மேடம் கேட்டுட்டு இருக்காங்க" என்றாள் உமைரா, ஈனஸ்வரத்தில்.

"அப்படியா? ரொம்ப நல்லதாப் போச்சு! மேடம், இன்னைக்குத்தான் போர்டுக்குப் புதுசா பெயிண்ட் அடிக்கோம். பெயிண்டர் ஏணியில நிக்கான். அந்த நாலு எழுத்துக்கும் பொருந்துற மாதிரி நீங்களே ஒரு முழுப் பேரு வச்சுக் குடுங்களேன்!"